உப்பு தின்ற போல்ட்டுகள்

கனடாவுக்கு வந்து முதல் கார் வாங்கும் நம்மவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பார்கள். குனிந்து அடிப்பக்கம் பார்ப்பவர்கள் குறைவு. ஒன்டாரியோவில் சில பனிக்காலங்கள் ஓடிய காரின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. ஐஸ் பிடிக்காமல் இருக்க நவம்பர் கடைசியிலிருந்து சாலையெங்கும் உப்பு போடுகிறார்கள். உருகிய பனியோடு அது உப்புத் தண்ணீராகி, சக்கரம் வாரியடிக்க, காரின் அடியிலுள்ள ஒவ்வொரு மரைக்குள்ளும் இறங்குகிறது. கோயம்புத்தூரில் இருபது வருஷம் ஓடிய காரில் கழன்று வரும் போல்ட்டு இங்கே ஐந்தாறு வருஷத்திலேயே அடம்பிடிக்கும்.

மெக்கானிக் கூலி மணிக்கு 100 டாலருக்கு மேல். அதனால் பிரேக் பேட் மாற்றுவது, சைலன்ஸர் மாற்றுவது போன்றவற்றைப் பலரும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்கிறோம். பாகங்கள் கிடைப்பதில் சிரமமில்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். வேலை நிற்பது, கழற்றும்போது தலை உருண்டுபோன, அல்லது பாதியில் முறிந்த ஒரு போல்ட்டால்தான். ஊரில் என்றால் தெருமுனைப் பட்டறையில் டேப் போட்டு மரையைத் திருத்தி, வேறு போல்ட்டு தேடி, தேவைப்பட்டால் லேத்தில் கடைந்தே கொடுத்துவிடுவார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கார் ஜாக்கி ஸ்டாண்டில் நிற்க, அந்த போல்ட்டை நாமேதான் தேடவேண்டும்.

தேடப் போகுமுன் அதைப் படிக்கத் தெரியவேண்டும். எம்8, எம்10 என்பது தண்டின் விட்டம், மில்லிமீட்டரில். அடுத்தது மரைகளுக்கிடையே உள்ள தூரம். எம்10-இல் 1.5 சாதாரணமானது, ஆனால் ஜப்பானியக் கார்களில் 1.25 நிறைய வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பழைய போல்ட்டின் மரைமேல் புதியதன் மரையைப் படுக்கவைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பல்லும் பல்லும் இடைவெளி தெரியாமல் பொருந்தவேண்டும். கடையில் அளவு பார்க்கும் பலகை மாட்டியிருந்தால் அதில் திருகியும் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தலையில் பொறித்திருக்கும் எண். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. 8.8 என்றால் இழுவலிமை, அதாவது அறுவதற்குமுன் தாங்கும் இழுப்பு, 800 மெகாபாஸ்கல்; அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீண்டுவிடாது. 10.9 என்றால் 1000 மெகாபாஸ்கலும் 90 சதவீதமும். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை வாங்கி பிரேக்கில் மாட்டுகிறார்கள். கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகையின் வலிமை 700தான். நம்பர் பிளேட்டுக்கு அது போதும். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு ஒருபோதும் ஆகாது. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து 401 நெடுஞ்சாலையில் போகிறோம்; இந்த ஓர் இடத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கடைக்குப் போனால் அடுத்த சிக்கல். 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிய கனடா, 1985இல் மெட்ரிக் கமிஷனையே கலைத்துவிட்டது. பெட்ரோல் லிட்டரில், வேகம் கிலோமீட்டரில், ஆனால் ஹார்ட்வேர் கடையின் இழுப்பறைகள் பெரும்பாலும் இன்னும் அங்குலத்தில். அங்குலக் கணக்கில் 5/16 போல்ட்டு 7.94 மில்லிமீட்டர், எம்8-க்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் மரை வேறு. ஓரிரு சுற்று போய் இறுகும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் உள்மரை போய்விடும். சரியான மரை கையாலேயே பல சுற்று தடையில்லாமல் உள்ளே போகும்.

கனேடியன் டயர், ஹோம் டிப்போ கடைகளில் மெட்ரிக்குக்கும் சில இழுப்பறைகள் உண்டு. எஞ்சின் அடித்தகடு, ஃபெண்டர் போன்றவற்றுக்கு அங்கே வாங்கலாம். ஊரில் மாருதியைக் கழற்றியவர்களுக்கு 10, 12, 14 நம்பர் ஸ்பேனர் கைப்பழக்கம்; டொயோட்டா, ஹோண்டாவிலும் அதேதான். கடையில் வாங்கும் எம்8-க்கோ 13 நம்பர் வேண்டும். எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 10.9 தேவைப்பட்டால் ஃபாஸ்டனல் போன்ற, போல்ட்டு நட்டுக்குப் பேர்போன கடைகளுக்குப் போவது நல்லது.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் என்றால் நேராக டீலரின் பார்ட்ஸ் கவுன்டர்தான். ஸ்காபரோ பக்கம் ஒரு கவுன்டரில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். துருவேறிய போல்ட்டை மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கிடக்கட்டும். வின் நம்பரைச் சொல்லுங்கோ" என்றார். வின் என்பது ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண். அதன் 17 எழுத்து, எண்களையும் தட்டியதும் திரையில் பிரேக்கின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் வந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனி எண். டொயோட்டாவில் பொதுவான நட்டு போல்ட்டுகளின் எண் 9-இல் தொடங்கும் என்று காட்டினார். "பிரேக்குக்குப் போறதுக்கு வேறை எதையும் போடாதேங்கோ" என்று சொல்லித்தான் பையைக் கொடுத்தார். விலை சில டாலர்தான். ஸ்டாக் இல்லையென்றால் காத்திருக்கவேண்டும். ஆகவே வேலையைத் தொடங்குமுன்பே வாங்கிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பழைய கார்களை அடுக்கிவைத்து, நாமே கழற்றிக்கொள்ள விடும் யார்டுகளும் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் கடைக்காரர் பிரித்து வைத்திருப்பார். இங்கே ஸ்பேனர் பெட்டியோடு நாம் போகவேண்டும். அங்கே அடிப்பக்கத்து போல்ட்டுகளைத் தொடாதீர்கள். அவையும் இதே உப்பில் ஊறியவை. டேஷ்போர்டு, சீட், டிக்கியின் உள்பக்கம் இருப்பவை புதிது போலிருக்கும்.

கழற்றுவதற்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கி, ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள். வராவிட்டால் முதலில் இம்மியளவு இறுக்கி, துருவின் பிடி விட்டதும் திறப்பது பல சமயம் பலிக்கும். நைலான் வளையம் உள்ள நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

வின்டர் டயரைத் தனி ஸ்டீல் வீலில் மாட்டி வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்கு வரும் நட்டு வாஷரோடு தட்டையாக உட்காரும். ஸ்டீல் வீலின் துளையோ கூம்பு வடிவம்; ஹோண்டா கம்பெனியின் சொந்த வீல்களில் அது உருண்டை. தட்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வீல் நடுவில் உட்காராது. கொரோலாவுக்கு ஒரு வீலுக்கு ஐந்து, மொத்தம் 20 நட்டு. டயர் வாங்கும்போதே சேர்த்துக் கேளுங்கள், இறுக்கும் விசையை அளவு வைக்கும் டார்க் ரென்ச்சில் கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குங்கள், 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்த்துவிடுங்கள்.