சாலோ ஊறும் நாட்கள்

டிசம்பர் 29, 2018, சனி. வின்னித்சா, உக்ரைன்

காலையில் வீட்டுக்காரப் பாட்டியோடு சந்தைக்குப் போனேன். சாலோ, அதாவது உப்பில் ஊறவைத்த பன்றிக் கொழுப்பு, போடப் பன்றியின் முதுகுக் கொழுப்பு வாங்க வேண்டும். நம்மூர் உப்புக்கண்டத்துக்கு உறவு என்று சொல்லலாம், ஆனால் இதில் வெயிலும் இல்லை, கறியும் இல்லை.

மூன்று கடை தள்ளிவிட்டு நாலாவது கடையில் நின்றார். மூன்று விரல் தடிமன், தோலோடு, தோலில் கால்நடை மருத்துவரின் முத்திரை. கத்தியை வாங்கிக் குத்திப் பார்த்தார், தடையில்லாமல் இறங்கியது. நார் இழுத்தால் வேண்டாமாம். அப்புறம் லைட்டரால் ஓரத்தைச் சுட்டு முகர்ந்தார். ஆண்பன்றியாக இருந்தால் மூத்திர வாடை காட்டிக்கொடுத்துவிடும். இதில் வைக்கோல் புகை வாசம் மட்டும்தான். மயிரை வைக்கோல் கொளுத்திப் பொசுக்கியிருக்கிறார்கள். 2 கிலோ வாங்கினோம்.

சாயங்காலம் தோல்வரை கட்டம் கட்டமாகக் கீறி, தோலை அறுக்காமல், கீறலில் பூண்டுச் சீவலைச் செருகினோம். மிளகுத்தூள், நொறுக்கிய பிரிஞ்சி இலை, கல் உப்பு. உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "கொட்டு, தனக்கு வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்" என்றார். கொழுப்பில் தண்ணீர் குறைவு; அதற்கு மேல் உப்பு ஏறாது. ஊறுகாய்க்கு உப்பை அளந்து அளந்து போடும் அம்மா இதைக் கேட்டால் நம்ப மாட்டாள்.

டிசம்பர் 31

திட்டு வாங்கினேன். ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று நேற்று ராத்திரி பாத்திரத்தைப் பால்கனியில் வைத்துவிட்டேன். காலையில் பாறை. உறைந்துபோனால் உப்பு உள்ளே இறங்காது. ஃப்ரிட்ஜிலிருந்த முட்டைக்கோஸ் வெளியே போனது, சாலோ உள்ளே வந்தது.

ஜனவரி 3, 2019

பாட்டிக்குக் கிறிஸ்துமஸ் நோன்பு. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அவருக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான்; அதனால் நவம்பர் 28 தொடங்கி ஜனவரி 6 வரை இறைச்சி, கொழுப்பு எதையும் தொட மாட்டார். ஆகவே ருசி பார்க்கும் வேலை எனக்கு. பச்சைக் கொழுப்பு என்று முதலில் கொஞ்சம் தயக்கம்தான். நாக்கில் வைத்ததும் வெண்ணெயாக உருகியது, ஆனால் நடுவில் சப்பென்று இருந்தது. சொன்னேன். "சரி, இன்னும் இரண்டு நாள்" என்றார், தட்டைப் பார்க்காமலே.

ஜனவரி 5

இன்று உப்பு சரி. மேலுப்பைச் சுரண்டி, துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிக் காறல் வாடை வந்துவிடும்.

ஜனவரி 7, கிறிஸ்துமஸ்

நேற்று ராத்திரி கோதுமை, கசகசா, தேன் சேர்த்த குத்யாவும் மற்ற நோன்புப் பதார்த்தங்களும். இன்று காலை முதல் வேலையாக ஃப்ரீசரைத் திறந்தார். கத்தி பட்டதும் மெல்லிய சீவல்கள் சுருண்டு விழுந்தன. கறுப்பு ரை ரொட்டி, பச்சை வெங்காயம், மேலே சாலோ. கண்ணை மூடி மென்றார். நாற்பது நாள் காத்திருந்தவர்.

"பூண்டு போதவில்லை" என்றார். "இரண்டு தடவை தின்று பார்த்தாயே, சொல்ல வேண்டாமா?"