இரண்டாவது சுற்றில் இடித்தது

தச்சநல்லூரில் நான் வேலை பழகிய ஒர்க்‌ஷாப்புக்கு லாரி, டிராக்டர் எஞ்சின்கள்தான் அதிகம் வரும். பழைய கார் பித்துப் பிடித்த ஒருவர் செவர்லே வி8 ஒன்றைப் பிரித்த நிலையிலேயே கொண்டுவந்து இறக்கினார். 350 கன அங்குல எஞ்சினை 383 ஆக்க வேண்டுமாம். சிலிண்டர் துளையை 0.030 அங்குலம் பெருக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 3.48 அங்குலமாக இருக்கும் கிராங்க் தண்டை எடுத்துவிட்டு 3.75 அங்குலக் கிராங்கைப் போட வேண்டும். அப்படிப் போட்டால், பிஸ்டனின் ராடு மாட்டும் கிராங்க் பின் முன்பைவிட 3.4 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போகும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டோ கிராங்குக்கு நேர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த 3.4-ஐ நான் மதிக்கவில்லை.

கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயினை மாட்டி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் தட்டவில்லை. வேலை கற்றுத்தந்த அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"சரியா இருக்கு அண்ணாச்சி."

"ஏல, கேம் எத்தன சுத்து சுத்திச்சு?"

"அரை."

"மிச்ச அரைய யாரு பாப்பா?"

இரண்டாவது சுற்றின் பாதியில் டொக்கென்று நின்றது. இரண்டாம் சிலிண்டர் ராடின் போல்ட் தலை கேமின் புடைப்பான மூக்கில் முட்டியிருந்தது.

முட்டிய ராடைக் கழற்றிவிட்டு, முட்டாத ராடுகளுக்கு எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் அங்கே வசமாக நுழையாது. பக்கத்துப் பரோட்டா கடையில் ஓர் உருண்டை மாவு வாங்கி ஒட்டினேன். மாவு அமுங்கிவிட்டு மெல்ல எழும்பிக்கொண்டது, அளவு பொய். அப்புறம் பிள்ளைகள் விளையாடும் கிளே வாங்கி, கேமில் எண்ணெய் தடவி, இரண்டு சுற்று முழுதாகச் சுற்றி, பிளேடால் வெட்டி அளந்தோம். ஆறாம் ராடில் 0.8 மில்லிமீட்டர்தான். குறைந்தது 1.5 வேண்டும். எஞ்சின் வேகமெடுக்கும்போது ராடு நீளும், கிராங்க் வளையும், செயினும் கொஞ்சம் தளரும்.

மூக்கு போக மிச்சமுள்ள அடிவட்டம் சிறியதான கேம் வாங்கினால் பிரச்சினை தீரும். ஆனால் கேமின் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ராடும் நீளமாக வேண்டும், கேம் தண்டும் மெலியும். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு இன்றும் அதுதான் சுத்தமான வழியாகப் படுகிறது. ராடின் தோளைத்தான் சாய்த்துத் தேய்த்தோம். கடைசி மெருகை ராடின் நீளவாக்கில்தான் போடவிட்டார். குறுக்கே ஒரு கீறல் கிடந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். எட்டையும் எடை போட்டு, இருப்பதில் லேசானதற்கு மற்ற ஏழையும் இறக்கவே ஒரு நாள் போனது.

ஆறாம் ராடு 1.7-க்கு வந்தது. நிம்மதியாக மூடப்போகும் நேரத்தில் கார்க்காரர் வந்து, கேமை 4 டிகிரி முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். "நாலு டிகிரிதானே" என்றேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் கிளே டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

1.4.

ராடை மறுபடி கழற்ற ஆரம்பித்தேன். அண்ணாச்சி டீ சொல்லப் போனார்.