சுண்ணாம்பு மண்ணில் ஒரு நீலப் பூ

லண்டனின் தென் கோடியில், குரொய்டனைத் தாண்டி வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் பின் வளவில் மண்வெட்டியை இறக்கினேன். ஒரு முழம் போவதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் வந்தன. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறும் சுண்ணாம்புக்கல்லை உடைத்துத் தோண்டியதுதான். கேத்தலின் அடியில் வெள்ளைக் காறை படிவதையும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். இந்த வீட்டுக் கேத்தலிலும் அதே காறை.

மனைவி வேறு மண்ணில் வளர்ந்தவள். நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறித்த தாயின் மகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில், துரை பங்களாவின் வேலி நெடுக ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்துக் கிடக்குமாம். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு, காவலுக்குப் பயந்து ஒருநாளும் தொடவில்லை என்று சொன்னாள். அந்த நீலத்தை அவளுக்கு என் வளவில் வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

கடையில் நீலமாகப் பூத்து நின்ற கன்றைத்தான் வாங்கி நட்டோம். அடுத்த கோடையில் அது இளஞ்சிவப்பாகப் பூத்தது. கன்று மாறிவிட்டதோ என்று அவள் கேட்டாள். மாறியது மண்.

இந்தப் பூவில் உள்ள நிறமி ஒன்றுதான். அதனோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. அலுமினியம் எந்த மண்ணிலும் இருக்கிறது. ஆனால் மண் புளிப்பாக இருந்தால்தான், அதாவது அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இருந்தால்தான், அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்பு மண் 7ஐத் தாண்டி நிற்பது. தேயிலையோ புளிப்பு மண்ணில் மட்டுமே செழிக்கும் பயிர். பங்களா வேலியில் நீலம் தானாக வந்த காரணம் அதுதான். வெள்ளைப் பூ வகைக்கு மட்டும் இந்த நிற மாற்றம் இல்லை.

அலுமினியம் சல்பேட் வாங்கி நிலத்தில் கரைத்து ஊற்றினேன். பழைய தேயிலைச் சக்கை, கோப்பிச் சக்கை எல்லாம் போட்டேன். கிடைத்தது அழுக்கேறிய ஊதா. இலைகளும் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. சுண்ணாம்பில் இரும்புச்சத்து எடுபடவில்லை. அடியில் முழுக்கச் சுண்ணாம்பு கிடக்கும்போது மேலே ஊற்றுவது எவ்வளவு நாளைக்கு நிற்கும்?

அதனால் இன்னொரு கன்றைச் சட்டியில் வைத்தேன். புளிப்பு மண் விரும்பும் செடிகளுக்கென்று விற்கும் எரிகேசியஸ் கலவை நிரப்பினேன். அதில் அலுமினியம் குறைவு என்பதால், சல்பேட்டைப் பொதியில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடக் கூட்டாமல், வசந்தத்திலிருந்து கரைத்து ஊற்றினேன். கூடினால் வேர் கருகும். எலும்புத்தூளும் மணிச்சத்து மிகுந்த பசளையும் கிட்டவே கூடாது. மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். குழாய்த் தண்ணீரை ஊற்றும் ஒவ்வொரு தடவையும் சட்டிக்குள் சுண்ணாம்பையும் சேர்த்து ஊற்றுகிறோம். கேத்தலைத் தினமும் பார்த்துக்கொண்டே இதை யோசிக்காமல் ஒரு வருடம் போய்விட்டது. பக்கத்து வீட்டு மூதாட்டி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள்" என்று சொன்னபோது, ஊரில் மாரி மழைக்குப் பீலிக்குக் கீழே அண்டா வைத்த அம்மா நினைவுக்கு வந்தார். இப்போது எங்கள் பீலிக் குழாய் 200 லீற்றர் பீப்பாய்க்குள் இறங்குகிறது. சட்டிக்குக் காலை வெயில் மட்டும். மத்தியானம் சுவரின் நிழல்.

இடையில் ஒரு வருடம் பூவே இல்லை. இலையுதிர் காலத்தில் வளவைத் துப்புரவாக்கும் வேகத்தில் தண்டுகளை அரைவாசிக்கு வெட்டிவிட்டேன். கோடை முடிவில் தண்டின் நுனியில் கட்டும் மொட்டுத்தான் அடுத்த வருடப் பூ. காய்ந்த பூங்கொத்தையும் பனிக்குப் போர்வையாக விட்டுவைத்து, மார்ச் கடைசியில் முதல் சோடி மொட்டுக்கு மேலே வெட்ட வேண்டும்.

போன ஜூன் மாதம் கொத்து விரிந்தது. முதலில் பச்சை கலந்த வெள்ளை. நாலைந்து நாளில் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும், ஒற்றுத்தாளில் மை ஊறுவதுபோல நீலம் ஏறியது. மனைவி காலையில் தேநீர்க் கோப்பையோடு குந்தியிருந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கொத்தை ஏந்திக்கொண்டாள்.

அன்றைக்கே தோட்டத்திலிருக்கும் மாமிக்கு வீடியோ அழைப்பில் காட்டினோம். நிறைய நேரம் பார்த்தார். "பூ நம்ம பங்களாப் பூவேதான்" என்றார். "ஆனால் இந்தச் சின்னச் சட்டியில் வேர் எங்கே போகும், மாப்பிள்ளை?"

பெரிய சட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மார்ச்சில் மாற்ற வேண்டும்.