அம்மாவின் தம்ளர்

ஆறு மாத மாத்திரை இன்றோடு முடிந்தது. காசநோய் என்று தெரிந்த அன்றே அம்மா ஒரு எவர்சில்வர் தம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். இது காற்றில்தான் பரவும், தட்டு தம்ளரில் இல்லை என்று பாலிகிளினிக் நர்ஸ் எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

நான் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது சென்னைக் கதை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு. 193 நோயாளிகள், ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துச் சிகிச்சை, மீதிப் பேருக்கு அவர்களுடைய நெருக்கடியான வீட்டிலேயே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் கவனித்தும், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. நோயாளியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டாம் என்று உலகத்துக்கே காட்டியது நம் ஏழை ஜனங்கள், அம்மா!

தொழுநோயாளிகளை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. சிங்கப்பூரிலும் அவர்களை டிராஃபல்கர் இல்லத்தில் பல காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் அந்தப் பொட்டு வைத்த தம்ளரிலேயே காப்பி கலந்தேன். பாதி குடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினேன். முறைத்தார். அப்புறம் வாங்கிக்கொண்டார்.