வாங்குனாத்தான் தீருமா?

“புதுசு வாங்குனாத்தான் தீருமா, தம்பி?” என்று மில் முதலாளி கேட்டார். கம்ப்ரசர், அதாவது காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்புகிற இயந்திரம், விற்று சர்வீஸும் பார்க்கிற கம்பெனியில் எனக்கு வேலை.

“வாங்குனா தீந்துருமுங்க” என்றேன்.

அவர் கேள்வியில் ஒரு ‘தான்’ இருந்தது. என் பதிலில் அது இல்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை. அந்த மில்லுக்கு இரண்டாவது கம்ப்ரசர் வந்த பிறகு, காற்றின் பிரஷர் இறங்குகிற பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்தது. ஆனாலும் மூன்று வருஷமாக அந்தத் ‘தான்’ என்னை விடவில்லை.

ஆயுத பூஜை அன்று நடந்தது. ஆத்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு நூற்பாலை. மூன்று ஷிஃப்ட்டும் ஓடுகிற மில்லில், பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே காதருகில் போய்க் கத்த வேண்டும். அன்று எல்லா மெஷினும் நின்றிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, நூலைக் கோனில் சுற்றுகிற ஆட்டோகோனர் மெஷின் பக்கம் நடந்தபோது என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம்தான் அந்த ‘உஸ்’. ஒரு இடத்தில் இல்லை. தலைக்கு மேல் பைப்பில், மெஷினுக்கு அடியில், தூணுக்குப் பின்னால் என்று பரவலாக, தூறல் மாதிரி.

“இது உங்களுக்கும் கேக்குதுங்களா, சார்?” என்றார் ஃபிட்டர் அண்ணன். அந்த மில்லில் என்னைவிட இரண்டு மடங்கு வருஷம் பார்த்தவர்.

காற்று பைப்பில் இருந்த ஒரு ஃபில்டரைக் காட்டினார். யாரோ அதற்கும் பக்தியாகச் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு இட்டிருந்தார்கள். சந்தனம் இன்னும் காயவில்லை. ஜாயிண்ட் மேல் பட்டிருந்த இடத்தில் சின்னக் குமிழி ஒன்று எழும்பி உடைந்தது. மறுபடி எழும்பியது. நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காலையில் மெஷின்களை ஊதித் துடைக்க ஓடவிட்ட கம்ப்ரசரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. 50 ஹெச்.பி. மெஷின், அதாவது 37 கிலோவாட். செல்போனில் நேரம் பார்த்தேன். 40 விநாடி லோடு, அதாவது காற்றை அழுத்துகிறது; 80 விநாடி அன்லோடு, சும்மா சுற்றுகிறது. ஐந்து தடவை பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. ஒரு மெஷினும் காற்று எடுக்காத நேரத்தில், கம்ப்ரசர் கொடுக்கக்கூடிய காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைகளுக்கே போகிறது என்று அர்த்தம். லோடு நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் சராசரியாகச் சுமார் 12 கிலோவாட். 24 மணி நேரம் ஓடும் மில்லில் நாளைக்கு ஏறக்குறைய 300 யூனிட்.

இந்த 300 என்ற எண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முந்தைய வருஷம்தான் அந்த மில்லின் கூரையில் 75 கிலோவாட் சோலார் போட்டிருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அதுவும் 300 யூனிட். கூரை முழுக்கப் பிடித்த வெயிலைக் கீழே ஓட்டை வழியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் சோலார் பகலில் மட்டும்தான். ராத்திரி ஷிஃப்ட்டில் கசிகிற காற்றுக்கு எங்கோ நிலக்கரி எரிந்தாக வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் புகைபோக்கியைப் பார்த்தால் அந்தச் சந்தனக் குமிழி ஞாபகம் வருகிறது.

கம்ப்ரசருக்குக் கொடுக்கிற மின்சாரத்தில் சுமார் 10 சதவீதம்தான் காற்றாக வேலைக்கு வரும், மீதி சூடாகப் போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பராமரிக்காத ஆலைகளில் கசிவு 20, 30 சதவீதம் இருக்கும் என்பதும் அதே பயிற்சியில்தான். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

பூஜை முடிந்து பொரி கடலை கொடுக்கும்போதுதான் முதலாளி அந்தக் கேள்வியைக் கேட்டார். கொட்டேஷன் ஒரு மாதமாக அவர் மேஜையில் இருந்தது. அந்தக் காலாண்டு விற்பனைக் கணக்கில் எனக்கு இன்னும் ஒரு மெஷின் பாக்கி. நான் பதில் சொன்னதும், “சரி, நாளைக்கு விஜயதசமி. அட்வான்ஸ் போட்டுடலாம்” என்றார். ஃபிட்டர் அண்ணன் தட்டோடு பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

என் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு ஆட்டோகோனர் போடப்போவதாக அவரே சொல்லியிருந்தார். போட்டிருந்தால் இரண்டாவது கம்ப்ரசர் எப்படியும் வேண்டியிருக்கும். இன்னும் போடவில்லை, நூல் விலை அப்படி. ஓட்டைகளைத் தேடி அடைப்பதென்றால் லைனை நிறுத்த வேண்டும். எத்தனை கிலோ நூல் இறங்கியது என்றுதான் மில் மேனேஜரைக் கேட்பார்கள், எத்தனை யூனிட் வீணானது என்று கேட்பதில்லை. நான் சொல்லியிருந்தாலும் செய்திருப்பார்களா? தெரியாது. ஆனால் நான் சொல்லவில்லையே.

எங்கள் கம்பெனியில் கசிவை அடைப்பதற்குப் பில் போட ஒரு ஐட்டமே கிடையாது. அந்த மில்லுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் டியூப், சில ஃபிட்டிங், நாலைந்து டிரெயின் வால்வு, இரண்டு ஆட்கள், ஒரு நாள். அதில் கம்பெனிக்கு என்ன நிற்கும்? இன்னொன்றை நான் பிற்பாடுதான் யோசித்தேன். சர்வீஸ் என்பது மெஷின் ஓடிய மணிக்கணக்கில் வருவது. ஆயில், ஃபில்டர், செப்பரேட்டர் எல்லாம் அப்படித்தான். கஸ்டமரின் கம்ப்ரசர் எவ்வளவு தேவையில்லாமல் ஓடுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் எங்களுக்கு அடுத்த பில். இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. கணக்கு தானாக அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

லாபம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஒரே போடாகப் போடவும் எனக்கு மனசு வரவில்லை. 90களில் தமிழ்நாட்டு மில்காரர்கள் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை நட்டதற்கு, முதல் வருஷமே மொத்தத் தொகையையும் தேய்மானமாகக் காட்டலாம் என்ற வரிச் சலுகை ஒரு பெரிய காரணம். 2012-ல் சலுகையை எடுத்ததும் நாடு முழுக்கப் புதுக் காற்றாலை போடுவது சரிந்தது. 2014-ல் திரும்பக் கொடுத்தார்கள். ஆக, லாபம் காட்டினால் காற்றாலை வருகிறது, காட்டாவிட்டால் நின்றுபோகிறது. அப்படியானால் ஓட்டையை அடைப்பதிலும் லாபம் இருக்கிறதே! யூனிட்டுக்கு 7 ரூபாய் என்றாலும் நாளைக்கு 2,000 ரூபாய்க்கு மேல். ஆனால் அது மில்லுக்கு வரவேண்டிய லாபம். கண்டுபிடிக்கிற இடத்தில் இருந்த எனக்கு லாபம் வேறு பக்கத்தில் இருந்தது. 2001-ல் வந்த ஆற்றல் சேமிப்புச் சட்டப்படி பெரிய ஆலைகளுக்கு ஆற்றல் தணிக்கை கட்டாயம். ஒரு 50 ஹெச்.பி. கம்ப்ரசர் வைத்து ஓட்டுகிற மில் அந்த வரம்புக்கு வெகு கீழே. அங்கே ஓட்டையைப் பற்றிப் பேச வேண்டியவன் நான்தான்.

புது மெஷின் வந்து மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்குப் போனேன். முன்பு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவுக்கு இறங்கிக்கொண்டிருந்த பிரஷர் 7-ல் நின்றது. “பிரஷர் கூடுனதுல பழைய ஓட்டையெல்லாம் இன்னும் நல்லா ஊதுதுங்க, சார்” என்றார் ஃபிட்டர் அண்ணன். குத்திக்காட்டவில்லை. இருப்பதைச் சொன்னார். நான் ஜாப் ஷீட்டில் ‘மெஷின் நிலை நன்று’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஃபிட்டர் அண்ணன் இந்த ஆடியில் வேலையை விட்டுவிட்டார். முதலாளி இந்த வருஷமும் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருக்கிறார். பையில் 8 எம்.எம். டியூப் ஒரு சுருள், டெஃப்லான் டேப், ஒரு டப்பா நிறைய ஃபிட்டிங் எடுத்து வைத்திருக்கிறேன். என் காசில் வாங்கியது. அன்று ஒரு நாள் மில் நிற்கும், முக்கால்வாசி அடைத்துவிடலாம். இது எதற்கு என்று முதலாளி கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.