மொய் நோட்டும் கிரபோட்கினும்

சிறு பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்தபோது, அரசியல் கொள்கைகளுக்கு எளிய அறிமுகக் கையேடுகள் போடுவதென்று முடிவானது. மார்க்சியம், காந்தியம் எல்லாவற்றுக்கும் எழுத ஆள் கிடைத்தார்கள். அரசும் வேண்டாம், தனிச்சொத்தும் வேண்டாம் என்கிற அனார்க்கிசக் கம்யூனிசம் மட்டும் என் தலையில் விழுந்தது.

பெயரிலேயே இடித்தது. அகராதியைத் திறந்தால் அராஜகம் என்கிறது. ‘குடிபோதையில் வாலிபர்கள் அராஜகம்’ என்று தினமும் படிக்கிறவர்களிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோக முடியாது. ‘அரசின்மைப் பொதுவுடைமை’ என்று எழுதிவைத்தேன். மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘தம்பி, போலீஸ் இல்லாத ஊரா, ரேஷன் கடை இல்லாத ஊரா?’

எரிச்சலாக இருந்தது. ஆனால் கேள்வி சரி. எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவருக்காகவே மறுபடி எழுதத் தொடங்கினேன்.

அரசு வேண்டாம் என்பதை அவர் சுலபமாக ஒத்துக்கொண்டார். பட்டா மாற்ற அலைந்தவர். ரேஷனுக்கும் பதில் இருந்தது. ஏராளமாக இருப்பதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம், தட்டுப்பாடானதைப் பங்கிட வேண்டும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முதலில் என்பது இந்தக் கொள்கையின் முக்கியச் சிந்தனையாளர், ரஷ்யரான பீட்டர் கிரபோட்கின் 1892இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில் சொன்னது. சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிற்பாடு அனார்க்கிஸ்ட் ஆனார் என்று ஒரு பெட்டிச் செய்தியும் வைத்தேன். நம்மூர்க்காரர் என்றதும் அக்காவுக்கு அது உடனே பிடித்துவிட்டது.

மாட்டிக்கொண்டது கூலியில்தான். கூலியே கிடையாது, அவரவர் முடிந்ததைச் செய்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தேன். “அப்போ மொய் மாதிரியா?” என்றார். இல்லை. மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்துத்தான் திருப்பிச் செய்கிறோம். இன்னொரு ரஷ்ய அனார்க்கிஸ்டான பக்கூனின் வழிவந்தவர்கள்கூட உழைப்புக்கேற்ற கூலி என்றார்கள். அது ஏறக்குறைய மொய் நோட்டு. கிரபோட்கின் நோட்டையே மூடச் சொன்னார்.

அதற்கு அவர் காட்டுவது ஒரு நிலக்கரிச் சுரங்கம். மேலே ஒருவர் நாள் முழுக்க நெம்புகோலைப் பிடித்தபடி கூண்டை ஏற்றி இறக்குகிறார். கீழிருந்து ஒரு பையன் சைகை கொடுக்கிறான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் கரி வெட்டுகிறார். எங்கே வெட்டுவதென்று பொறியாளர் சொல்கிறார். வெளியே வந்த கரியில் யாருடைய பங்கு எவ்வளவு? பிரிக்கவே முடியாது. அதனால் உழைப்பை அளப்பதை விட்டுவிட்டுத் தேவையைப் பார்ப்போம் என்கிறார். பிரிட்டிஷ் மியூசிய நூலகர், நீ சமூகத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டுவிட்டா புத்தகம் தருகிறார் என்று அந்தக் காலத்து நூலகத்தையும் காட்டினார்.

“லைப்ரரிக்குச் சரி. வேலைக்கே வராதவனுக்கும் சோறா?” என்றார் அக்கா. கூட வேலை செய்கிறவர்களே அவனிடம், நீ வேறு கூட்டாளிகளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள் என்பது கிரபோட்கினின் பதில். எனக்கே அது போதவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1936இல், ஸ்பெயினின் அரகோன் பகுதியில் பல கிராமங்கள் அரசுப் பணத்தை ஒதுக்கிவிட்டு இதைச் செய்து பார்த்தன. அங்கும் பல இடங்களில் பணத்துக்குப் பதில் கூப்பன் வந்தது. நோட்டு அவ்வளவு லேசில் மூடாது. அதை மறைக்காமல் எழுதினேன். கையேட்டில் எனக்குத் திருப்தியான பக்கம் அதுதான்.

கடைசி மெய்ப்பு திரும்பி வந்தபோது பிழைகள் அதிகமில்லை. சுரங்கப் பத்திக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு வரி: ‘இந்தப் புத்தகத்தில் என் பங்கு எவ்வளவு தம்பி?’

அடியில் வழக்கம்போல அவருடைய பில் இணைத்திருந்தது. 96 பக்கம், பக்கத்துக்கு 8 ரூபாய், மொத்தம் 768. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான்.