கத்திரி வெயிலும் வலது கண்ணும்

மே 4, சனி
கத்திரி பிறந்துவிட்டது. சத்துவாச்சாரியில் காலை பத்துக்கே மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் பிழிந்துவிட்டு இறங்கினால் வலது கண்ணில் புகைமூட்டம். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, கண் நரம்புகளின் உறையை உரித்துவிடும் நோய்; விட்டுவிட்டுத் தாக்கும். இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு, பழைய செங்கல் நிறத்தில் இருந்தது. காத்தாடிக்குக் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்ததும் சிவப்பு சிவப்பானது.

மே 7
மதியம் கரண்ட் இல்லை. இடது கால் பின்னியது. படுத்துவிட்டேன்.

மே 10, வெள்ளி
"கண்ணுல சூடு ஏறியிருக்கும்மா, எண்ணெய் தேச்சுக் குளி, சரியாப் போயிடும்" என்றார் அத்தை. சூடு என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் ஊற்றியது ஆவி பறக்கும் வெந்நீர். குளித்து முடித்தபோது கதவுத் தாழ்ப்பாளைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். கால் ரெண்டும் ஈரத்துணி. புதுசாக ஒரு தாக்குதலோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்தபோது கண் தெளிந்திருந்தது.

மே 11
உடம்பு ஆறியதும் போய்விட்டதே, இது புதுத் தாக்குதல் இல்லை என்றார் டாக்டர். அதற்கு அறிகுறி 24 மணி நேரமாவது விடாமல் நிற்க வேண்டுமாம். காய்ச்சல் வந்தாலும் இப்படி மங்கும். 1890-லேயே வில்ஹெல்ம் உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். உழைப்பால் வருவது என்று அவர் நினைத்தார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. எம்ஆர்ஐ வருவதற்கு முன்னால், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே இந்த நோயைச் சோதித்திருக்கிறார்கள்! வீட்டில் சொன்னேன். "அப்ப நானும் டாக்டர்தான்" என்றார் அத்தை.

மே 13
ஒரு சந்தேகம் குடைந்தது. முன்பு நரம்பு டெஸ்ட் எடுத்தபோது, ஏசியில் சில்லிட்ட என் கையைச் சூடுபடுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். குளிர்ந்தால் நரம்பு மெதுவாகிவிடுமாம். அப்படியென்றால் சூடு நல்லதுதானே?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கு மோட்டார் வைண்டிங் வேலை. "வார்னிஷ் உரிஞ்ச காயில்" என்றார். பாதி சரி. உறை உரிந்த இடத்தில் மின்னோட்டம் கசிகிறது. மீதிப் பாதி காயிலில் கிடையாது. நரம்பில் சோடியம் நுழையும் வாசல்கள் உண்டு. சூடு கூடினால் அவை சட்டென்று திறந்து, அதைவிடச் சட்டென்று மூடிக்கொள்ளும். நரம்பின் மின்துடிப்பு குறுகிவிடும். நல்ல நரம்புக்குக் கையிருப்பு தாராளம், வேகம்தான் கூடும். என் கண் நரம்பில் ஏற்கெனவே கசிவு. மிச்சமிருக்கும் துளி, அடுத்த இடத்தைத் தட்டியெழுப்பப் போதாது. சேதி பாதிவழியில் நின்றுவிடும். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சில இழைகளுக்கு இந்தக் கதிதான். ஆறினால் வழி திறக்கும். புதுச் சேதம் எதுவுமில்லை. இதை மட்டும் போன வருஷமே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி தூங்கியிருப்பேன்.

மே 17, வெள்ளி
வடகத்தை விடிவதற்குள் பிழிந்தாயிற்று. பிடரியில் ஈரத்துண்டு. எண்ணெயை மட்டும் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வாளியில் கைவிட்டுப் பார்த்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினார்.